அது யாருடைய ஆஸ்பத்திரி?
(வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடரின் வாழ்க்கை)



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும், அதுவும் பத்து நாளைக்குள் தரவேண்டும் என்றார்கள். காமராஜர், ஜி.டி. நாயுடு, விஸ்வேஸ்வரய்யா என்று பொறியாளர்கள் வழக்கமாக எழுதும் பெயர்கள்தான் முதலில் மனதில் ஓடின. அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு காரணங்களால் வேறொருவர் நினைவுக்கு வந்தார்.

முதல் காரணம் காட்பாடி ஸ்டேஷன். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி, உள்ளூரில் பார்த்தாச்சு, கோயமுத்தூரிலும் பார்த்தாச்சு, இன்னும் பிடிபடவில்லை என்றால், ஒரு தடவை வேலூர் போயிட்டு வந்துரலாமே என்று யாராவது ஒரு மாமா சொல்லுவார். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் காட்பாடி. நானும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போனவன்தான். அங்கே சீட்டு வாங்கும் வரிசையில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், இது யாருடைய ஆஸ்பத்திரி, கவர்மெண்டா, தனியாரா, முதலாளி யார் என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நம்ம ஊரில் எந்தக் கம்பெனிக்கும் முதலாளி பெயரோ, அவருடைய குலதெய்வத்தின் பெயரோ, மகள் பெயரோ போர்டில் இருக்கும். அங்கே போர்டில் ஆள் பெயரே இல்லை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் வெட்கமானது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். ஆராதனை நடுவே சாட்சி சொல்லும் வழக்கம் எங்களிடம் உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுவார். நல்ல வழக்கம்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர்கூட நொய்யலுக்குப் போகக் கூடாது என்றால் மட்டுமே திறக்கலாம் என்ற நிலை. நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த இடம் அப்படி ஒரு சுத்திகரிப்பு நிலையம். ஆர்.ஓ. வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகு எவாப்பரேட்டர் மாசக்கணக்கில் எங்களைப் படுத்தி எடுத்தது. ஓடும், உப்பு அடைக்கும், நிற்கும். ஒருவழியாக அது நிற்காமல் ஓடத் தொடங்கியதும் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அந்த ஞாயிறு நான் எழுந்து மைக்கைப் பிடித்து, இது என் திறமையால் ஆனதல்ல, எல்லாம் ஆண்டவர் செய்தது என்று சாட்சி சொன்னேன். சபையார் மகிழ்ந்தார்கள். கடைசி பெஞ்சில் எங்கள் பிளான்ட்டின் ஃபிட்டர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உப்பேறிய குழாய்களை நைட் ஷிப்டில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுரண்டி, எந்த இடத்தில் முதலில் அடைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். வெளியே வந்ததும் நான் நன்றாகப் பேசியதாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அவர் பெயரை நான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடவுளுக்குப் பெருமை கொடுத்தேன். அதில் ஒரு பங்கு தாழ்மையானவன் என்ற பெயரோடு எனக்கே திரும்பி வந்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் வேலூர் டாக்டரம்மாவின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். எல்லாப் பெருமையும் கடவுளுக்கே என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அந்த அம்மா அதை எப்படிச் சொன்னார், சொன்னபடி எப்படி நடந்தார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்கடர் குடும்பத்தின் கதை 1819-இல் ஆரம்பிக்கிறது. நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஜான் ஸ்கடர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவியோடு கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் மருத்துவ மிஷனரி அவர்தான். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பமே வடஆர்க்காடு, தென்னார்க்காடு பக்கம் ஊழியம் செய்தது. அவருடைய மகன்களில் ஒருவரான இன்னொரு டாக்டர் ஜான் ஸ்கடரின் மகளாக, 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். அண்ணன்மார்களுக்குப் பிறகு ஒரே பெண் குழந்தை.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பிழிந்தெடுத்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். எழுந்து வந்து வாங்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டும் வேலை சிறுமி ஐடாவுக்குக் கிடைத்தது. அந்தக் காட்சி அந்தக் குழந்தையின் மனதில் இந்தியா என்றாலே பயம் என்று பதிந்துவிட்டது. பிறகு அமெரிக்கா போய், பெற்றோர் மட்டும் இந்தியா திரும்ப, அவர் அங்கே நார்த்ஃபீல்டு என்ற ஊரின் பெண்கள் பள்ளியில் படித்தார். சிரிப்பும் குறும்புமான பெண். குடும்பத்தில் எல்லோரும் மிஷனரி ஆகிவிட்டார்கள், நான் ஒருத்தியாவது ஆகமாட்டேன் என்று உறுதியாக இருந்தார். நல்ல இடத்தில் கல்யாணம், வசதியான வீடு என்பதுதான் அவருடைய கனவு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தார்கள். கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா வந்தார். அந்தத் திண்டிவனம் பங்களாவில் நடந்த ஒரு ராத்திரிக் கதை வேலூரில் படித்த ஒவ்வொரு டாக்டருக்கும், நர்ஸுக்கும் தெரியும்.

ஒரு பிராமண இளைஞர் வந்தார். அவருடைய சின்ன வயது மனைவிக்குப் பிரசவ வேதனை, மருத்துவச்சியால் முடியவில்லை, ஐடா வரவேண்டும் என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. வேற்று ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் செத்துப்போவதே மேல் என்று சொல்லி அவர் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக ஒரு முதலியார் வீட்டுக்காரர் வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார். ஐடா அன்றைக்குத் தூங்கவில்லை. காலையில் தெருவில் பறைச் சத்தம் கேட்டது. விசாரிக்க ஆள் அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நம்மில் பலர் நல்லது நடந்தால் கடவுள் செய்தார் என்போம், கெட்டது நடந்தால் கடவுள் சித்தம் என்போம். இரண்டு பக்கமும் நமக்கு வேலை இல்லாமல் போய்விடும்! அந்த இளம் பெண் அப்படிச் செய்யவில்லை. அந்த மூன்று சாவையும் கடவுள் கணக்கில் எழுதிவிட்டுத் தூங்கப் போகவில்லை. தன்னிடம் ஏதோ கேட்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டார். அன்று பகலில் அறையைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டு வந்து, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு, இங்கே பெண்களுக்காகத் திரும்பி வரப்போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார். பிற்காலத்தில் தன் முடிவைப் பற்றி யார் கேட்டாலும், தான் எடுத்த முடிவு என்று அவர் சொன்னதில்லை. தான் அழைக்கப்பட்டதாகத்தான் சொல்லுவார்.

1895-இல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி அப்போதுதான் பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. கடைசி வருஷத்துக்கு அங்கே மாறி 1899-இல் பட்டம் பெற்றார்.

இந்தியாவுக்குக் கிளம்புமுன் வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டும்படி மிஷன் சொன்னது. வசூலுக்கு அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். நம் சங்கத்துப் பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள்! கூட்டம் கூட்டமாகப் பேசியும் பணம் சேரவில்லை. கப்பல் புறப்பட நாள் நெருங்கிய நேரத்தில் ஒரு வீட்டில் ஓர் அம்மாளிடம் திண்டிவனத்து இரவைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்த அந்த அம்மாளின் மைத்துனர், ஷெல் என்ற வயதான பேங்க் தலைவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்தார். கேட்டது எட்டு, கிடைத்தது பத்து. ஐடாவுக்கு இது கடவுள் கொடுத்தது என்பதில் கடைசிவரை சந்தேகமே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி போர்டில் எந்தப் பெயரை எழுதினார் தெரியுமா? மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி என்று அந்த மனைவியின் பெயரை எழுதினார். கொடுத்தவர் கடவுள்தான், ஆனால் யார் கை வழியாக வந்தது என்பதை மறைக்கவில்லை. இன்றைக்கும் வேலூர் ஆரணி ரோட்டில் கண் ஆஸ்பத்திரியாக அந்தப் பெயர் நிற்கிறது.

1900-ஆம் வருஷம் பிறக்கும்போது ஐடா தன் தோழி ஆனி ஹான்காக்கோடு வேலூர் வந்து சேர்ந்தார். அப்பாவோடு சேர்ந்து வைத்தியம் பழகலாம் என்பது திட்டம். அதே ஆண்டு மே மாதம் அப்பா இறந்துவிட்டார். அனுபவம் இல்லாத இளம் டாக்டர், கட்டிமுடியாத ஆஸ்பத்திரி, நம்பி வராத நோயாளிகள். பங்களாவில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். நம் ஹாஸ்டல் ரூமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான்! முதலில் தயங்கித் தயங்கி வந்தவர்கள் பிறகு கூட்டமாக வந்தார்கள். இரண்டு வருஷத்தில் சுமார் 5,000 பேர்.

அங்கே நர்ஸ் கிடையாது. அந்த வீட்டுச் சமையல்காரரின் மனைவி சலோமிதான் உதவி. பாத்திரம் பண்டம் புழங்கிய கையோடு அறுவைக் கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். ஐடா முதன்முதலாகப் பெரிய ஆபரேஷன் செய்தபோது பக்கத்தில் நின்றது படித்த டாக்டர் அல்ல, இந்தச் சலோமிதான். யோசித்துப் பாருங்கள். நூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மா தன் கதையைச் சொன்ன இடத்திலெல்லாம் சலோமியையும் சொல்லியிருந்தால்தானே தெரியும்! இந்த வரியைப் படித்தபோதுதான் எங்கள் ஃபிட்டர் அண்ணன் மறுபடி என் கண் முன்னால் வந்தார்.

1902-இல் 40 கட்டில்களோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. அதன்பின் வாரத்தில் ஒருநாள் குடியாத்தம் ரோட்டில் வண்டி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். முதலில் மாட்டு வண்டி, பிறகு பிரான்ஸ் தேசத்து பூஜோ கார் ஒன்று. அந்தக் காரைப் பார்த்த ஜனங்கள் பேய் வண்டி என்று ஓடினார்களாம். பிற்பாடு அதே ஜனங்கள் மரத்தடியில் விடியற்காலையிலிருந்தே காத்திருந்தார்கள். 1909-இல் நர்ஸிங் பள்ளியும் ஆரம்பமாயிற்று.

தான் ஒருத்தி எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ராத்திரி பகலாக உழைத்தாலும் ஒரு ஜோடிக் கைதான். இந்தியப் பெண்களே டாக்டராக வேண்டும். அதற்குக் கல்லூரி வேண்டும். ஊர் சிரித்தது. சென்னை ராஜதானியின் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த வெள்ளைக்கார அதிகாரி, மூன்று பெண்கள்கூட மனுப் போட மாட்டார்கள், ஆறு பேர் சேர்ந்தால் ஆரம்பித்துக் கொள்ளுங்கள் என்ற மாதிரி அனுமதி கொடுத்தார். 1918 ஆகஸ்டில் மிஷனரி பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது இடத்தைவிடப் பல மடங்கு மனுக்கள் வந்திருந்தன. முதல் வருஷப் பரீட்சைக்கு முன்பு அதே அதிகாரி, ஆண்களிலேயே ஐந்துக்கு ஒருவர்தான் தேறுகிறார், உங்கள் பெண்கள் ஒருவரும் தேறாவிட்டால் மனமுடைய வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார். எழுதிய 14 பேரும் தேறினார்கள். கேலி செய்தவர்கள் வாயடைத்தார்கள்.

இந்த 14 பேர் விஷயத்திலும் டாக்டரம்மா ஜெபித்தார், உண்மை. ஆனால் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு உடற்கூறு பாடம் நடத்தியவர் யார்? அவரேதான். நோட்ஸ் எழுதி, கேள்வி கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சிலபஸை அவர் பாதியில் விடவில்லை. இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் செமஸ்டர் சமயத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்! 1922-இல் முதல் அணி படித்து வெளியேறும்போது, நன்றியை எப்போதும் எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு நீங்கள் அதிகம் தகுதியான நேரத்திலேயே அது மிகக் குறைவாகக் கிடைக்கலாம் என்ற கருத்தில் அவர் அறிவுரை சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

அதற்குப் பிறகு வேகமான வளர்ச்சி. அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையாரின் தலைமையில் பெண்கள் வீடு வீடாகப் பணம் சேர்த்தார்கள். ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அவர்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் தாங்கள் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் அறநிதி சொல்ல, 1923-க்குள் அதைச் சேர்த்தும் காட்டினார்கள். வேலூர் நகருக்குள் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. ஊருக்கு வெளியே பாகாயத்தில் கல்லூரிக்கு 200 ஏக்கர் வாங்கினார்கள். இவ்வளவு பெரிய இடமா என்று கேட்டவர்களுக்கு டாக்டரம்மாவின் பதில் ஒரே மாதிரிதான் இருக்கும். நாம் கட்டுவது வெறும் மருத்துவப் பள்ளி அல்ல, இறைவனின் ராஜ்யம், அதைச் சின்னதாகத் திட்டமிட்டுத் தப்பு செய்துவிடக் கூடாது என்பார். தாழ்மை என்றால் சின்னதாக ஆசைப்படுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் கணக்கு வேறு. தன்னுடையது என்றால் சின்னதாக இருக்கலாம், தன்னுடையது அல்ல என்பதால் பெரிதாகவே இருக்கவேண்டும்!

இதுவரை சொன்னதெல்லாம் வெற்றிக் கதை. வெற்றி வரும்போது கடவுளைச் சொல்வது சுலபம். உண்மையான சோதனை 1938-இல் வந்தது.

வேலூரில் அதுவரை கொடுத்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமா. இனி அந்தப் படிப்பு செல்லாது, பல்கலைக்கழகத்தோடு இணைந்து எம்.பி.பி.எஸ். பட்டம் தரும் கல்லூரிகள் மட்டுமே நடக்கலாம் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. அதற்குக் கூடுதல் கட்டில்கள் வேண்டும், மேல்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், லாபரட்டரிகள் வேண்டும். இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான். நம்ம ஊர் சாயப்பட்டறைகளுக்கு 2011-இல் வந்த நிலைமைக்கு இது ரொம்ப தூரம் இல்லை. டாக்டரம்மாவுக்கு அப்போது 67 வயது. இருபது வருஷ உழைப்பு ஓர் அரசாணையில் நின்றது.

1941-இல், எழுபது வயதில், உலக யுத்தத்தின் நடுவே பணம் திரட்ட அமெரிக்கா போனார். அங்கேதான் பிரச்சனை முற்றியது. பெண்களுக்கு மட்டும் ஒரு கல்லூரியை அந்தத் தரத்துக்கு உயர்த்தத் தேவையான பணமும் ஆட்களும் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டு எல்லாச் சபைகளும் கூடி நடத்தும் ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக மாற்றினால் வழி பிறக்கும் என்று இந்தியாவிலிருந்த பலர் சொன்னார்கள். இருபது முப்பது வருஷமாகக் காசு சேர்த்துக் கொடுத்த அமெரிக்கப் பெண்களில் பலர் கூடவே கூடாது என்றார்கள். எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் அதே லூசி பீபாடி. பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த பணம் இது, ஆண்கள் உள்ளே வந்தால் கொஞ்ச நாளில் பெண்கள் ஓரங்கட்டப்படுவார்கள் என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல.

டாக்டரம்மாவின் மனதும் முதலில் அந்தப் பக்கம்தான். அவர் டாக்டரானதே பெண்களுக்காக. திண்டிவனத்தில் அந்த ராத்திரி செத்துப்போனது மூன்று பெண்கள். அந்தக் கல்லூரி அவருடைய வாழ்க்கையின் அர்த்தம். அதை ஆண்களுக்கும் திறந்துவிடுவது தன் சபதத்துக்கே துரோகமாகுமோ என்று அவர் தவித்திருக்கிறார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நட்பு போகும், பணமும் போகலாம். என் கல்லூரி, நான் வளர்த்தது, நான் சொல்கிறபடி நடக்காவிட்டால் மூடிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம்ம ஊரில் அப்பாவும் மகனும் ஒத்துப்போகாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பனியன் கம்பெனியை மெஷினோடு விற்றுவிட்ட கதைகள் நமக்குத் தெரியாதா?

அவர் அப்படிச் சொல்லவில்லை. இது கடவுளுடையது என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார். அப்படியானால் இதை மூடும் உரிமை தனக்கு இல்லை, ஒரு கூட்டத்துக்கு மட்டும் என்று வேலி போடும் உரிமையும் தனக்கு இல்லை. எப்படி வளர வேண்டுமோ அப்படி அது வளரட்டும் என்ற முடிவுக்கு வந்தார். கூட்டுக் கல்லூரி யோசனையை ஆதரித்தார். பழைய தோழிகள் சிலர் விலகினார்கள். அது அவருக்கு ஆழமான காயமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் எதிர்த்தவர்களைத் திட்டிக்கொண்டு திரிந்தவரில்லை. மறுபடி ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் திரட்டினார்.

1942-இல் முதல் கட்ட இணைப்புக் கிடைத்து எம்.பி.பி.எஸ். வகுப்பு பெண்களோடு தொடங்கியது. தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் போன்றவர்கள் அந்த நெருக்கடியான வருஷங்களில் கல்லூரியைத் தூக்கி நிறுத்தினார்கள். 1947-இல் முதன்முதலாக ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். 1950-இல் நிரந்தர இணைப்பு. பெண்கள் ஓரங்கட்டப்படுவார்கள் என்ற பயம் அப்போதைக்கு நடக்கவில்லை. டாக்டரம்மா ஓய்வு பெற்றபின் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற விசாகப்பட்டினத்துப் பெண்மணிதான்.

கொங்கு நாட்டு வாசகர்களுக்காக இன்னொரு சேதி. 1946-இல் வேலூர் வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து மறுபடி விரிய வைத்த டாக்டர் பால் பிராண்ட், நம் பக்கத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன் கட்டிட வேலை கற்றவர். தசைநாரை எங்கே கட்டினால் எந்த விரல் இழுக்கும் என்று அவர் யோசித்த விதத்தைப் பொறியாளர்கள் படித்தால் சந்தோஷப்படுவார்கள். கூட்டுக் கல்லூரியாக மாற்றாமல் மூடியிருந்தால் அவர் வந்து வேலை செய்ய அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

டாக்டரம்மா 1946-இல் பொறுப்பிலிருந்து விலகினார். விலகியவர் உண்மையிலேயே விலகினார். புதிய தலைமை முன்போல நடக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு வராந்தாவில் உட்காரவில்லை. கொடைக்கானலில் தன் வீட்டில் ரோஜாத் தோட்டம், வயதான பிறகும் டென்னிஸ், பழைய மாணவிகளின் கடிதங்கள். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம்கூட அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். நம் தபால் துறைக்கும் இதில் ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும்! 1960 மே மாதம், 89 வயதில் கொடைக்கானலில் காலமானார். வேலூரில் அடக்கம் செய்தார்கள்.

ஒரே கட்டிலோடு தொடங்கிய இடத்தில் இன்று பல ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக வேலூர்த் தெருக்களில் வங்காளி சாப்பாட்டுக் கடைகளே இருக்கின்றன. அத்தனைக்கும் நடுவில் அந்த ஆஸ்பத்திரியின் பெயர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அவ்வளவுதான். ஸ்கடர் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். சீட்டு வரிசையில் என்னிடம் முதலாளி யார் என்று கேட்ட பெரியவருக்கு இன்றைக்கானால் நான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதற்குள் அவருடைய டோக்கன் நம்பர் வந்துவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் மலர்க் குழுவுக்கு அனுப்புமுன் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஃபிட்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது ரிட்டயராகிப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆலயத்தில் நான் சாட்சி சொன்ன பகுதி வரை மெதுவாகப் படித்தார். தாளை மடித்து வைத்துவிட்டு, அந்த எவாப்பரேட்டர் இப்போ எப்படி ஓடுது என்று கேட்டார். ஓடுதுங்கண்ணா என்றேன். மூன்றாவது குழாய்க் கட்டில் இப்பவும் உப்பு நிற்கும், வாரம் ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க தம்பி என்றார்.